லாபம் இருக்கிறது, பணம் இல்லை

டிசம்பர் பிறந்துவிட்டால், தொழில் தொடங்கி ஓராண்டை ஓட்டி முடித்தவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஒரு வருஷத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள்? பதில்களும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். விடாமுயற்சி வேண்டும், தன்னம்பிக்கை வேண்டும், நல்ல ஆட்கள் அமைய வேண்டும், வாடிக்கையாளரின் தேவையைப் புரிந்துகொள்ள வேண்டும். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ இரண்டு இயந்திரங்களைப் போட்டு உதிரிபாகம் செய்து கொடுப்பவர் ஆண்டுக் கணக்கோடு ஆடிட்டர் எதிரில் உட்காரும்போது அவரைக் குழப்புவது இவை எதுவுமல்ல. ஏட்டில் லாபம் தெரிகிறது, வங்கிக் கணக்கிலோ அடுத்த சனிக்கிழமைச் சம்பளத்துக்குக்கூடப் பணம் இல்லை. சரக்கு போயிருக்கிறது, பில் போட்டாயிற்று, வரியும் கட்டியாயிற்று, பார்ட்டியிடமிருந்து பேமென்ட் மட்டும் வரவில்லை. புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் முதல் ஆண்டில் கற்கும் முதன்மையான பாடம் இதுதான் என்பது என் கருத்து. தொழிலை நிலைநிறுத்துவதும் சாய்ப்பதும் லாப விகிதத்தைவிட, பணம் கைக்கு வரும் தேதிதான். இதை அவருடைய சாமர்த்தியக் குறைவாகப் பார்ப்பது அநியாயம். சிறியவர்கள் பெரியவர்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கும்படியாகவே இங்கே வணிகம் அமைந்திருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். 18 சதவீத ஜிஎஸ்டி உள்ள இயந்திர உதிரிபாகத்தை மாதம் 5 லட்சம் ரூபாய்க்கு விற்கும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். வரியோடு சேர்த்து பில் 5,90,000 ரூபாய். மூலப்பொருள் 3 லட்சம், அதன் மீதான வரி 54,000. கூலி 75,000, மின்சாரம் 20,000, வாடகை 20,000, வண்டி வாடகையும் டூல் செலவும் 10,000. வரியை விட்டுவிட்டுப் பார்த்தால் செலவு 4,25,000, லாபம் 75,000. நூற்றுக்குப் பதினைந்து என்பது மோசமான லாபமே அல்ல. இப்போது பணம் போகும் வழியைப் பார்க்கலாம். புதியவருக்கு இரும்புக் கடைக்காரர் கடன் தரமாட்டார், ரொக்கம்தான். கூலி வாரக் கடைசியில். மின்கட்டணத்துக்குக் கெடு உண்டு. உள்ளீட்டு வரியைக் கழித்த பிறகும் 36,000 ரூபாய் ஜிஎஸ்டி அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். ஆக மாதம் 5,15,000 ரூபாய் கையைவிட்டுப் போகிறது. பார்ட்டி 90 நாள் கடனில் வாங்குகிறார் என்றால், முதல் பில்லுக்கான பணம் வந்து சேர்வதற்குள் இவர் 15,45,000 ரூபாயை வெளியே போட்டிருப்பார். இயந்திரக் கடனுக்கான தவணையும் வீட்டுச் செலவும் இந்தக் கணக்கில் இல்லை. அந்தப் பதினைந்தரை லட்சத்தைத் தெரிந்தவர்களிடம் இரண்டு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு வாங்கியிருந்தால் வட்டி மட்டும் மாதம் 30,900 ரூபாய். லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதிலேயே போய்விடுகிறது. இவர் பொருளில் குறையில்லை, உழைப்பில் குறையில்லை, விலை நிர்ணயித்ததிலும் பெரிய தவறில்லை.

இதைவிடக் கடினமான பகுதி இனிமேல்தான். பொருள் தரமாக இருப்பதைப் பார்த்து நான்காம் மாதம் அதே பார்ட்டி ஆர்டரை இரட்டிப்பாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலும் பட்டறையிலும் மகிழ்ச்சி. ஆனால் வெளியே போகும் பணம் அன்றே ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும், உள்ளே வரும் பணமோ இன்னும் மூன்று மாதத்துக்குப் பழைய ஆர்டரின் அளவில்தான் வரும். வாடகை கூடவில்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்த மூன்று மாதத்தில் இன்னொரு பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல் தேவைப்படும். ஆர்டர் இல்லாமல் மூடிய கம்பெனியைப் பற்றி ஊர் அனுதாபத்தோடு பேசும். ஆர்டர் குவிந்து மூடிய கம்பெனியைப் பற்றி, 'நிர்வாகம் தெரியவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடும். இரண்டாவதுதான் அதிகம் கவனிக்கப்பட வேண்டியது. ஏனென்றால் அங்கே சந்தை கேட்கும் பொருளும் அதைச் செய்யத் தெரிந்த கைகளும் இருந்தன. அப்படி ஒரு பட்டறை மூடுவது அந்த ஊருக்கே நஷ்டம்.

90 நாள் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் அச்சாகியிருப்பதும் நடைமுறையில் 90 நாளாக இருப்பதில்லை. சரக்கு இறங்கிய தேதியிலிருந்து எண்ணமாட்டார்கள். தர ஆய்வு முடிந்து, ஸ்டோர்ஸில் பதிவாகி, பில் கணக்குப் பிரிவுக்கு ஏறிய தேதியிலிருந்து எண்ணுவார்கள். பர்ச்சேஸ் ஆர்டர் எண் ஒரு இலக்கம் தவறி அச்சாகியிருந்தால் பில் திரும்பிவரும், திருத்தி அனுப்பிய பிறகு நாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். மாதத்தில் இந்தத் தேதிகளில் மட்டும்தான் பேமென்ட் என்று ஒரு வழக்கம் வேறு. கெடு முடிந்தது 11ஆம் தேதி, பேமென்ட் தேதி 10 என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டியதுதான். இப்படி ஒரு வாரம், பத்து நாள் என்று சேர்ந்து 90 என்பது 120 ஆகும். ஒவ்வொன்றும் சாதாரண அலுவலக நடைமுறை போலத்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் யாரோ வட்டி கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது அடகுக் கடையில் இருக்கும் ஒரு பெண்ணின் நகைக்குக் கட்டும் வட்டி. பெரிய நிறுவனத்தின் வரவு செலவு அறிக்கையில் செலவு குறைந்ததாகத் தெரியும் இடத்தில், எங்கோ ஒரு வீட்டில் வளையல் அடகுக்குப் போயிருக்கிறது. இதைத் திறமையான நிதி நிர்வாகம் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வரும் மறுப்பு இது: நடைமுறை மூலதனம் என்று ஒன்று வேண்டும் என்பது பாலபாடம், அதைத் திட்டமிடாமல் இறங்கியது யார் குற்றம்? கேள்வி நியாயமானதே. ஆனால் அவருக்குத் திட்டமிடக் கற்றுக்கொடுத்தவர்கள் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரை திட்டச் செலவு ஏற்கப்படுகிறது. அதில் நடைமுறை மூலதனத்துக்கு அனுமதிப்பது ஒரு சுற்று. வாங்கி, செய்து, விற்று, பணம் திரும்ப வந்துவிடும் என்ற அனுமானத்தில் போட்ட ஒரு சுற்று. கிடைக்கும் மானியமும் உடனே கைக்கு வராது, மூன்றாண்டு காலம் வங்கியில் வைப்பாகப் பூட்டிக்கிடக்கும். தமிழக அரசின் நீட்ஸ் திட்டம் 25 சதவீத முதலீட்டு மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் தருகிறது, முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் பலரை அது உருவாக்கியிருக்கிறது. ஆனால் இந்தத் திட்டங்களின் கண் முழுவதும் இயந்திரத்தின் மேல்தான். இயந்திரம் கண்ணுக்குத் தெரியும், அடமானம் வைக்கலாம், திறப்பு விழாவில் படம் எடுக்கலாம். பாக்கி கண்ணுக்குத் தெரியாது. தொழிலுக்குள் போகும் வழிக்குத்தான் அரசுப் பணம் வருகிறது, உள்ளே நிற்பதற்கான பணத்தை அவரவரே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. வாங்குபவருக்கும் பணம் தாமதமாகத்தானே வருகிறது? திருப்பூர் ஏற்றுமதியாளர் வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பிவிட்டு இரண்டு மூன்று மாதம் காத்திருக்கிறார். அவர் எப்படி நிட்டிங்குக்கும், சாயத்துக்கும், காஜா பட்டனுக்கும், பேக்கிங் அட்டைப்பெட்டிக்கும் உடனே காசு கொடுப்பார்? இது உண்மை. 2025ஆம் ஆண்டு அதைக் கொடூரமாகவே காட்டிவிட்டது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமானபோது, திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன, தயாரான சரக்குக்கு விலையைக் குறைக்கச் சொல்லி வெளிநாட்டு வாங்குபவர்கள் நெருக்கினார்கள். வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் ஜாப் ஒர்க் செய்பவரின் பாக்கியை நீட்டியது. ஆனால் இந்த உண்மை என் வாதத்தை வலுவாக்கவே செய்கிறது. சங்கிலியில் எல்லோருமே காத்திருக்கிறார்கள் என்றாலும் காத்திருப்பதற்கு ஒவ்வொருவரும் கொடுக்கும் விலை வேறு. ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டு ஆர்டரைக் காட்டி வங்கியில் பேக்கிங் கிரெடிட் கிடைக்கும், ஏற்றுமதிக் கடன் காப்பீடு இருக்கிறது. அவரிடம் ஜாப் ஒர்க் செய்பவரிடம் இருப்பது ஒரு டெலிவரி சலானும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற சொல்லும். மலிவாகக் கடன் வாங்க முடிந்தவர், அதிக வட்டிக்குத்தான் வாங்க முடிகிறவரிடம் தன் சுமையைத் தள்ளினால், மொத்தச் சங்கிலிக்கும் செலவு கூடுகிறது. இது தர்மக் கணக்கு மட்டுமல்ல, வெறும் கூட்டல் கழித்தலாகப் பார்த்தாலும் நஷ்டம்தான். குளோபல் அலையன்ஸ் ஃபார் மாஸ் ஆன்ட்ரப்ரனர்ஷிப் அமைப்பும் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியச் சிறுதொழில்களுக்கு வரவேண்டிய இத்தகைய நிலுவையை 10.7 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அத்தனை பெரிய கடனைச் சிறியவர்கள் யாரும் விரும்பிக் கொடுக்கவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல சட்டமும்கூட. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டிக் கெடு வைக்க முடியாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் இறக்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். அதாவது ஸ்டோர்ஸ் பதிவு, கணக்குப் பிரிவுத் தேதி என்ற சாக்குகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2025 டிசம்பரில் ரெப்போ விகிதம் 5.25 ஆகக் குறைந்தபோது வங்கி விகிதம் 5.50 ஆனது, ஆகவே அப்போது இந்த வட்டி 16.5 சதவீதம். சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள வசதியாக்கக் குழுக்களில் முறையிடலாம். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் மேலே போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இவ்வளவு பல் உள்ள சட்டத்தை ஏன் பயன்படுத்துவதில்லை? புதியவர்கள் பலர் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை ஏதோ கடன் வாங்கத் தேவைப்படும் காகிதம் என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள், வழக்கு வரும்போது சரக்கு அனுப்பிய நாளில் பதிவு இருந்ததா என்பதே முதல் கேள்வியாகிறது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் தாமதப் பணத்துக்கான இந்தப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, புகார் கொடுப்பவருக்கு அந்தப் பார்ட்டியிடம் அடுத்த ஆர்டர் இருக்காது. ஒரே பார்ட்டியை நம்பி ஓடும் பட்டறைக்குச் சட்டப் புத்தகத்தைத் திறப்பதும் ஷட்டரை இறக்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

புகார் கொடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் வேலை செய்யும் விதி ஒன்று 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வருமான வரிச் சட்டம் 43பி பிரிவின் எச் உட்கூறாக வந்த அந்த விதி, குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டக் கெடுவுக்குள் பணம் கொடுக்காதவர் அந்தக் கொள்முதலைச் செலவாகக் காட்ட முடியாது, எப்போது உண்மையில் கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் காட்டலாம் என்கிறது. விற்றவர் வாய் திறக்க வேண்டாம், வாங்கியவரின் ஆடிட்டரே கேட்பார். இதன் வலிமை அது கிளப்பிய எதிர்ப்பிலேயே தெரிந்தது. ஜவுளி வணிகர்கள் தள்ளிவைக்கச் சொல்லிக் கோரினார்கள், பதிவு பெற்ற சிறியவர்களை விட்டுவிட்டுப் பதிவில்லாதவர்களிடம் வாங்கத் தொடங்குகிறார்கள் என்ற புகாரும் எழுந்தது. இதைக் காட்டி விதியே தவறு என்று வாதிடுபவர்கள் உண்டு. கெடுவுக்குள் பணம் கொடுக்கத் தயாராக இல்லாத ஒருவர் வேறு கடைக்குப் போவது, அந்தக் கெடு தேவை என்பதற்குத்தான் சான்று. பதிவில்லாதவர்கள் எல்லோரும் பதிவு செய்துகொள்ளும்போது போவதற்கு வேறு கடை இருக்காது.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொரு மறுப்பும் உண்டு. புதுத் தொழில்கள் பல மூடுவதற்குக் காரணம் பாக்கி அல்ல, யாருக்கும் வேண்டாத பொருளைச் செய்ததுதான் என்பது. மென்பொருள், செயலி, நேரடி நுகர்வோர் பிராண்டு வகைகளில் இது பெரிதும் சரி. ஆனால் அங்கேயும் பணத்தின் தேதி பேசத்தான் செய்கிறது. 1996இல் தொடங்கிய ஸோஹோ வெளி முதலீட்டாளர் பணம் வாங்காமலேயே வளர்ந்தது என்பதைத் துணிவின் கதையாகவே சொல்கிறோம். சந்தா முறையில் மென்பொருள் விற்பவருக்குப் பணம் முதலில் வரும், சேவை பிறகு போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிபன் கடைக்காரர் இரவு எட்டு மணிக்குக் கல்லாவை எண்ணிவிடுகிறார். அவருக்கு லாபம் குறைவாக இருக்கலாம், ஆனால் பொருள் விற்கிறதா இல்லையா என்ற செய்தி அன்றே தெரிந்துவிடுகிறது. 120 நாள் கடனுக்கு விற்பவருக்கு அந்தச் செய்திகூட நான்கு மாதம் கழித்துத்தான் கிடைக்கும். பணம் தாமதமாகும்போது தன் தவற்றைத் தெரிந்துகொள்வதும் தாமதமாகிறது. ஆகவே யாருக்கும் வேண்டாத பொருள் என்ற நோய்க்கும் பணத்தின் தேதிதான் முதல் பரிசோதனை. முன்பணம் கொடுக்க ஒருவரும் தயாராக இல்லாத பொருளை விரிவாக்கும் முன் யோசிக்க வேண்டும்.

இந்தப் பாடத்தைப் பழைய வணிகச் சமூகங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக்கொடுத்தன. நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த வட்டிக்கடைகளுக்கு அடுத்தாளாகப் போய், தவணையும் வட்டியும் வசூலும் பழகிய பிறகுதான் தனிக்கணக்குத் தொடங்கினார்கள். நாடார் உறவின்முறைகள் மகமை பிரித்துப் பொதுநிதி சேர்த்தன, அச்சமூகத்தினர் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினர். அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. கைமாற்றுக்கு ஒரு சொல் போதும் என்ற அந்த வலைப்பின்னல் பெரும் பலம்தான், ஆனால் அது அந்தந்தச் சாதியின் வாசலோடு நின்றது. இன்று தொழிலுக்கு வருபவர்களில் பலர் விவசாயக் கூலியின் மகள், பேருந்து நடத்துநரின் மகன். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை 2023இல் தமிழக அரசு கொண்டுவந்தது மிகச் சரியான செயல். ஆனால் சம்பள நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு ஒரு லட்சம் புரட்டித் தரும் மாமன் மச்சான் மானியத்தோடு சேர்ந்து வருவதில்லை. அந்த இடத்தைப் பொது நிறுவனங்கள்தான் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் பணம் தாமதமானாலும் தாங்கக்கூடிய குடும்பங்கள் மட்டுமே தொழிலில் மிஞ்சும், அதற்குத் திறமை என்று பெயர் வைத்துவிடுவோம்.

செய்ய முடியாதது ஒன்றும் இல்லை. பணம் கைக்கு வந்த பிறகு வரி கட்டும் உரிமையைக் குறு நிறுவனங்களுக்காவது கொடுக்கலாம். பிரிட்டனில் ஆண்டு விற்பனை 13.5 லட்சம் பவுண்டுக்குள் இருப்பவர்கள் வாட் வரியை அப்படிக் கட்ட அனுமதி உண்டு. ஜிஎஸ்டிக்கு முன் நம் சேவை வரியிலேயே 50 லட்சம் ரூபாய்க்குள் சேவை தந்த தனிநபர்களுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் அந்த வசதி இருந்தது. வருவாய் குறையுமே என்ற அச்சத்துக்குப் பதில் எளிது: வரி குறைவதில்லை, சில மாதம் தள்ளித்தான் வருகிறது. அந்தச் சில மாதக் கடனைத் தாங்கும் சக்தி பட்டறையைவிட அரசுக்கு அதிகம். டிரெட்ஸ் தளங்களில் 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள நிறுவனங்கள் 2025 மார்ச்சுக்குள் சேர வேண்டும் என்று விதியானது நல்லதே. அங்கே பில்லை வைத்தால் வங்கிகள் போட்டி போட்டுக் குறைந்த வட்டிக்குப் பணம் தருகின்றன, பிறகு வாங்கியவர் கட்டத் தவறினாலும் விற்றவர் பொறுப்பில்லை. ஆனால் சேர்ந்தால் போதாது, வாங்கியவர் பில்லை அங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எத்தனை பில்லை எத்தனை நாளில் ஒப்புக்கொண்டார்கள் என்பதைப் பெரிய நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்றால் வேகம் தானாக வரும்.

அரசு செய்வதற்குக் காத்திராமல் இந்த வாரமே செய்யக்கூடியதும் உண்டு. பாக்கிப் பட்டியலை பார்ட்டி வாரியாக எடுத்து, ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே சரக்கு இறங்கிய தேதியை எழுதிப் பார்க்கலாம், பில் தேதியை அல்ல. ஏதாவது ஒரு பார்ட்டியிடம் மொத்தப் பாக்கியில் பாதிக்கு மேல் நிற்கிறதென்றால் அடுத்த ஆண்டு முதல் தேட வேண்டியது இன்னொரு பார்ட்டியைத்தான், இன்னொரு இயந்திரத்தை அல்ல. உத்யம் எண்ணை பில்லிலேயே அச்சிட்டு, 45 நாள் கெடுவையும் கீழே ஒரு வரியில் சேர்க்கலாம். சண்டை போடும் தொனி வேண்டியதில்லை, அச்சிட்ட வரி தன் வேலையைச் செய்யும். ஜனவரி முதல் மார்ச் வரை வாங்கியவரின் கணக்குப் பிரிவு நம் பக்கம் சாயும் காலம். பிப்ரவரி 14க்குள் இறக்கிய சரக்கின் 45 நாள் கெடு மார்ச் 31க்குள் முடிந்துவிடுகிறது. அன்றைக்கும் பணம் கொடுக்காமல் இருந்தால் அந்தத் தொகைக்கு அந்த ஆண்டு அவர் வரி கட்ட வேண்டிவரும். இதைச் சொல்லி ஒரு மரியாதையான மின்னஞ்சல், பாக்கிப் பட்டியலை இணைத்து, பொங்கல் விடுமுறைக்கு முன்பே போய்விட வேண்டும்.